வேலைக்காரி மேல சந்தேகம்

அகதா கிறிஸ்டியின் ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ 1934இல் வந்த நாவல். கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடிந்து வருகிற தோழர்களோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசினோம். படிக்காதவர்களுக்குக் கதையை நான் சொன்னேன். ஆர்ம்ஸ்ட்ராங் என்கிற பணக்காரக் குடும்பத்துக் குழந்தையைக் கடத்திப் பணமும் வாங்கிக்கொண்டு கொன்றும் போட்டவன் சட்டத்திடமிருந்து தப்பிவிடுகிறான். பிறகு பனியில் சிக்கி நிற்கிற ரயிலில் பன்னிரண்டு பேர் சேர்ந்து அவனைக் குத்துகிறார்கள்.

ஒன்பது பேர் கருத்துச் சொன்னார்கள். சரியான தண்டனை என்றார்கள். அந்தத் தாயை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது என்றார்கள். என்னோடு எம்.ஏ. தமிழ் படித்தவர் கதைப்பின்னலைப் பற்றியே இருபது நிமிஷம் பேசினார். (அவர் எப்போதும் அப்படித்தான்.) சிப்காட் கம்பெனி ஒன்றில் கூட்டிப் பெருக்குகிற அக்கா கடைசியில் கேட்டார்: “இன்னா தம்பி, நடுவுல ஒரு பொண்ணு ஜன்னல்லேர்ந்து குதிச்சி செத்துச்சின்னியே, அதப்பத்தி ஒருத்தரும் பேசல?”

அவள் அந்த வீட்டுப் பணிப்பெண். போலீஸ் சந்தேகப்பட்டதால் செத்தாள். அவள்மேல் குற்றமில்லை என்று பிற்பாடு தெரிகிறது. கிறிஸ்டியாவது அவளுக்கு ஒரு அப்பனைக் கொடுத்து, குத்துகிற பன்னிரண்டு பேரில் அவனையும் நிறுத்துகிறார். நம் வாசகர்களுக்கோ அவன் வெறும் ரயில் கண்டக்டர்.

கதைதானே என்று விடவும் முடியாது. 1932 மார்ச்சில் அமெரிக்காவில் விமானி லிண்ட்பர்க்கின் குழந்தை கடத்தப்பட்டது. குழந்தையின் பாட்டி வீட்டில் வேலை செய்த வயலட் ஷார்ப் என்கிற பெண்ணைப் போலீஸ் திரும்பத் திரும்ப விசாரித்தது. ஜூனில் விஷம் குடித்துச் செத்தாள். கடத்தலில் அவளுக்குச் சம்பந்தமில்லை. குழந்தைக்காக அந்த வருஷமே புதுச் சட்டம் வந்தது. அவளுக்காக என்ன வந்தது?

அக்கா முன்பு திருவள்ளூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். செயின் காணோம் என்று அவர் பையைக் கொட்டி, புடவையை உதறச் சொல்லியிருக்கிறார்கள். “மறுநாளே பீரோ பின்னால கெடச்சிச்சாம். எனக்கு யாரு வந்து சொன்னது? பால்காரருதான் சொன்னாரு.”

பங்களாக் குழந்தை காணாமல் போனால் சந்தேகம் சேரிக்கு வருகிறது. சேரிக் குழந்தை காணாமல் போனால் சந்தேகம் எந்தப் பங்களாவுக்கும் போவதில்லை. சென்னை புளியந்தோப்பில் 1999இல் குடிசைக்கு வெளியே பெற்றவர்களோடு தூங்கிய பிள்ளையைத் தூக்கிப் போனார்கள். 2005இல்தான் வெளியே வந்தது: இப்படித் திருடிய பிள்ளைகள் ஒரு தத்து நிறுவனம் வழியாக, பொய்க் காகிதத்தில், வெளிநாட்டு வீடுகளுக்குப் போயிருந்தார்கள். தங்கள் மகன் என்று நம்புகிற பையனுக்கு டி.என்.ஏ. சோதனை கேட்டு அந்தப் பெற்றோர் நெதர்லாந்து நீதிமன்றம் வரை போனார்கள். 2010இல் கோரிக்கை தள்ளுபடி. இந்தத் தாயை நினைத்து யாருக்கு நெஞ்சு அடைத்தது?

காணாமல் போன குழந்தை பற்றிய புகார் ஒவ்வொன்றையும் வழக்காகப் பதிய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதையும் ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த கூட்டத்துக்கும் கிறிஸ்டியே இருக்கட்டும் என்றார் நண்பர். புளியந்தோப்பு வழக்கு பற்றிய பத்திரிகைச் செய்திகளை எடுத்து வருகிறேன், அதைப் படிப்போம் என்றேன். முகத்தைச் சுளித்தார். அக்கா, தனக்கு அந்த வாரம் நைட் ஷிப்டு, ஞாயிற்றுக்கிழமையா வையுங்கள் என்றார்.