சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

சனிக்கிழமை இரவு ஸ்கூடாய் சமிக்ஞை விளக்கில் நின்றால், பக்கத்தில் ஒரு பழைய சிவிக்கோ சத்ரியாவோ ஆழமாக மூச்சை இழுப்பது கேட்கும். வானொலிக்காரிக்குக் காதுதானே முதல்! அது புகைக்குழாய்ச் சத்தம் இல்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும் சத்தம். பொனட்டைத் திறந்தால் கறுப்புக் கட்டம் போட்ட கார்பன் ஃபைபர் குழாய் பளபளக்கும். "ரேஸ் காடியில இருக்கிறதுதான் அக்கா" என்பார்கள் தம்பிகள். பாதி உண்மை.

1980களின் குரூப் ஏ பந்தயக் கார்களில் பல பாகங்கள் கடையில் விற்கும் காரில் உள்ளபடியே இருந்தாக வேண்டும். 1990-இல் பிரிட்டிஷ் டூரிங் கார் போட்டி 2 லிட்டர் விதியைக் கொண்டுவந்தது. பிறகு இதுவே சூப்பர் டூரிங் என்று உலகம் சுற்றியது. டர்போ கிடையாது, எஞ்சின் நிமிடத்துக்கு 8,500 சுற்றுக்கு மேல் சுழலக் கூடாது. சுழற்சியைக் கூட்ட வழியில்லை என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்றை உள்ளே அடைக்க வேண்டும். பொறியியலாளர்கள் சண்டை போட்டது இந்த இடத்தில்தான்.

சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில். அவற்றின் வாய்களை எல்லாம் மூடி ஒரு பெரிய கார்பன் பெட்டி. வால்வு மூடும்போது காற்றில் ஓர் அலை திரும்பி ஓடும். பெட்டியும் குழாய்களும் சரியான அளவில் இருந்தால் அதே அலை அடுத்த மூச்சைத் தள்ளிவிடும். நமக்குக் கேட்கும் உறுமலும் அதுதான். ஏன் கார்பன்? எடை குறைவு, இண்டு இடுக்குக்கு ஏற்ற வடிவத்தில் அச்சில் வார்க்கலாம், அலுமினியத்தைப் போல வெப்பத்தை உடனே உள்ளே கடத்தாது.

வெப்பம்தான் விஷயமே. 30 டிகிரி காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறையும். பாசிர் கூடாங் ஓடுதளத்தின் மதிய வெயிலை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் பெட்டி சாலைக்கும் வந்தது. 2003-இல் பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல் கார்பன் பெட்டியோடு 343 குதிரைத்திறனை 360 ஆக்கியது. கேம்ஷாஃப்டையும் மாற்றித்தான் அந்த 17 கிடைத்தது. முன் பம்பரில் ஒரு வட்ட ஓட்டை; வெளிக்காற்று நேரே பெட்டிக்குள். பந்தயத்திலோ இப்போது டர்போ காலம். உலக டூரிங் கார் போட்டி 2011-இல் 1.6 லிட்டர் டர்போவுக்கு மாறியது. 2015-இல் டிசிஆர் வந்தது. காற்றை டர்போ அழுத்த, இன்டர்கூலர் குளிர்விக்க, பெட்டியின் மவுசு குறைந்தது.

நம் தம்பிகளின் பொனட்டுக்குள்ளோ குழாய் மட்டும் கார்பன். வடிகட்டி எஞ்சின் பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. நெரிசலில் அது குடிப்பது வெந்த காற்று. சத்தம் கூடும், இழுவை குறையும். சில குழாய்கள் பிளாஸ்டிக்கின் மேல் கார்பன் தாள் ஒட்டியவை. பட்டறையில் பணத்தை நீட்டும் முன் "வாய் எங்கே இருக்கு அண்ணே?" என்று கேளுங்கள்.

பம்பருக்குக் கீழே என்றால் குளிர்ந்த காற்று கிடைக்கும்; ஆனால் நம் ஊரில் ஒரு மணி நேர மழைக்கே சாலை குளமாகிறது. அந்த வாய் தண்ணீரைக் குடித்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். வெள்ளத்தில் கார் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.