பீரோவுக்குள்ளே ஹாலோவீன்

நியூஜெர்ஸியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். எட்டு வருஷமாக அங்கே குடித்தனம். கணவனும் மனைவியுமாக உத்தியோகம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. இப்போது ஆறு மாதத்துக்கு மாமியாரும் வந்திருக்கிறார். அக்டோபர் 31-ந் தேதி என்ன உடுத்துவது என்பதுதான் கேள்வி.

"ஆபீஸில் அன்றைக்கு எல்லோரும் ஏதாவது வேஷத்தில் வருவார்கள். மூஞ்சியில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு, கோரைப்பல் வைத்துக்கொண்டு போக எனக்கு இஷ்டமில்லை. மத்தியானம் முக்கியமான மீட்டிங் வேறு இருக்கிறது. ஒன்றுமே செய்யாமல் போனாலோ, 'ஏன், உனக்கு இதெல்லாம் பிடிக்காதா?' என்று பத்துப் பேர் விசாரிப்பார்கள். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு போனேன். லிஃப்டில் ஒருத்தி, 'அடடா, என்ன அழகான வேஷம்!' என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனாலும் நாள் பூரா எனக்கு என்னவோ போல் இருந்தது. வேஷம் போட்ட மாதிரியும் இருக்க வேண்டும், போடாத மாதிரியும் இருக்க வேண்டும். காசும் செலவாகக் கூடாது. வழி உண்டா?"

வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன், "அதென்ன ஹாலோவீன்?" என்று கேட்கக்கூடிய மாம்பலத்து மாமிகளுக்காக இரண்டு வார்த்தை. நவம்பர் முதல் தேதி கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்களின் திருநாள். அதற்கு முந்தின ராத்திரிதான் ஹாலோவீன். அயர்லாந்துக்காரர்கள் அதற்கும் முன்னாலிருந்தே அந்தச் சமயத்தில் ஸாவன் என்று ஒரு பண்டிகை கொண்டாடி வந்தார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் பிறக்கும் அந்த ராத்திரி, செத்தவர்கள் நடமாடுவார்கள் என்று நம்பிக்கை. டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைப்பார்களாம். 1840-களின் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே கிடைத்த பறங்கிக்காய் குடைவதற்கு வெகு சௌகரியமாக இருந்தது. அதற்குக் கண், மூக்கு, பல் எல்லாம் வந்துவிட்டன. நம் ஊரில் புது வீட்டு வாசலில் பூசணிக்காய்க்கு மீசை வரைந்து கட்டுகிறோமே, அதற்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். நவராத்திரியில் கிருஷ்ணன் வேஷமும் ராதை வேஷமும் போட்டுக்கொண்டு கொலுவுக்கு அழைக்கப் போய், சுண்டல் வாங்கிக்கொண்டு வந்த பாட்டிமார்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆச்சரியம் செலவில்தான் இருக்கிறது. 2023-ல் இந்த ஒரு பண்டிகைக்கு அமெரிக்கர்கள் 1,220 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்றும், அதில் உடுப்புக்கு மட்டும் 410 கோடி என்றும் அந்நாட்டுச் சில்லறை வியாபாரிகள் சம்மேளனம் மதிப்புப் போட்டது. அத்தனையும் ஒரு நாள் உடுத்தி மூலையில் போடுகிற உடுப்பு!

சரி, முதலில் அந்தப் பட்டுப் புடவை விஷயம். சகோதரி, நீங்கள் அன்று செய்தது ரொம்ப சரி. தீபாவளிக்குப் பட்டுக் கட்டாமல் வேறு எதற்குக் கட்டுவது? லிஃப்டில் அப்படிச் சொன்னவளிடம், "இது வேஷமில்லை, இன்றைக்கு எங்கள் தீபாவளி" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, கையில் ஒரு மைசூர்ப்பாகும் கொடுத்திருந்தால் அடுத்த வருஷம் அவளே உங்களுக்கு வாழ்த்துச் சொல்வாள். இந்த மனத்தாங்கல் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 2011-ம் வருஷம் ஒஹாயோ சர்வகலாசாலை மாணவர்கள் சிலர், "எங்கள் கலாசாரம் வேஷமல்ல" என்ற கருத்தில் சுவரொட்டிகள் வெளியிட்டார்கள். அது அமெரிக்கா முழுவதும் பேச்சாயிற்று.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தீபாவளி சேர்ந்து வராத வருஷங்களில், "வேறு ஒன்றும் கிடைக்கவில்லை, இருக்கவே இருக்கிறது புடவை" என்று நம்மவர்களே ஹாலோவீனுக்குப் புடவை கட்டிக்கொண்டு போகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது வேண்டாம். நாமே அதை வேஷமாகக் கட்டினால், பிறகு மற்றவர்களைக் கோபித்துக்கொள்ள நமக்கு என்ன பாத்தியதை?

இனி பீரோவைத் திறக்கலாம்.

ஒரு கறுப்பு உடுப்பு இருக்கிறதா? நீளக் கை வைத்த சட்டையும் ஸ்கர்ட்டுமானாலும் சரி, கறுப்புக் குர்த்தாவானாலும் சரி. அதற்கு ஒரு வெள்ளைக் காலர் வைத்துவிட்டு, தலையை நடு வகிடு எடுத்து இரட்டைப் பின்னல் போட்டுக்கொள்ளுங்கள். தீர்ந்தது. அமெரிக்காவில் சின்னக் குழந்தை முதல் கிழவர் வரை, "வெனஸ்டே ஆடம்ஸ்!" என்று அடையாளம் சொல்லிவிடுவார்கள். சார்லஸ் ஆடம்ஸ் என்ற சித்திரக்காரர் 1938 முதல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் ஒரு விசித்திரமான பேய்க் குடும்பத்தைப் படம் போட்டு வந்தார். அந்த வீட்டுப் பெண் இவள். 1964-ல் டெலிவிஷனுக்கு வந்தாள். 2022-ல் நெட்ஃப்ளிக்ஸ் தொடரில் மறுபடி வந்து ஒரு கலக்குக் கலக்கினாள். ஆடம்ஸ் பிறந்த ஊர் வெஸ்ட்ஃபீல்ட். உங்கள் நியூஜெர்ஸிதான்! அவளுக்கு ஒரு நாளும் சிரிப்பு வராது. ஆகையால் மீட்டிங்கில் உம்மென்று உட்கார்ந்திருந்தாலும் வேஷப் பொருத்தம் என்று பாராட்டுவார்களே தவிர, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு பெரிய சௌகரியம். மற்றவர்கள் காசு கொடுத்துச் சவுரி வாங்குகிறார்கள். இரட்டைப் பின்னல் என்பது நமக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கைவந்த வித்தை. ரிப்பனை மட்டும் விட்டுவிடுங்கள். மடித்துக் கட்டவும் வேண்டாம். நேராகத் தொங்க வேண்டும்.

காலர் தைப்பது அரை மணி வேலை. கறுப்புச் சட்டையின் கழுத்தை ஒரு காகிதத்தின் மேல் விரித்து வைத்துப் பென்ஸிலால் வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இரண்டரை அங்குலம் வெளியே தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். முன்பக்கம் சந்திக்கும் இரண்டு முனைகளையும் வட்டமாக வளைத்துவிடுங்கள். கூராக விட்டால் குமாஸ்தா காலராகிவிடும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, வெள்ளைக் காட்டன் துணியில் இரண்டாக வெட்டி, வெளி ஓரத்தைச் சேர்த்துத் தைத்து, உள்ளே வெளியே திருப்பி, நன்றாக இஸ்திரி போடுங்கள். கணவரின் பழைய வெள்ளைச் சட்டையின் முதுகுப் பக்கம் இதற்குத் தாராளமாகக் காணும். (எது பழைய சட்டை என்பதை அவரையே கேட்டு வெட்டுவது நலம்.) பிறகு கறுப்புச் சட்டையின் கழுத்தில் உள்பக்கமாக நூலோட்டி வைத்தால் போதும். மறுநாள் நூலை இழுத்தால் கையோடு வந்துவிடும்.

"கறுப்பா! நாளும் கிழமையுமாக!" என்று மாமியார் முகம் சுளித்தால், வாதம் வேண்டாம். கத்தரிப்பூக் கலரும் ஹாலோவீனுக்கு ஏற்ற நிறந்தான். ஆரஞ்சு தெரிந்த விஷயம். கத்தரிப்பூச் சட்டைக்கு மேல் பழுத்த பறங்கி நிறத்தில் ஒரு துப்பட்டாவை ஸ்கார்ஃப் மாதிரி கழுத்தில் சுற்றிக்கொண்டால் அதுவே போதும் என்பவர்களும் உண்டு. ஸ்கூபி டூ என்ற கார்ட்டூனில் 1969-லிருந்து வருகிற வெல்மா என்ற பெண்ணுக்கும் அவ்வளவுதான் சீருடை. கழுத்து மூடிய ஆரஞ்சு ஸ்வெட்டர், சிவப்பு ஸ்கர்ட், பெரிய மூக்குக் கண்ணாடி. கண்ணாடி போடுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது ஒன்று. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படம் 1963-ல் வந்தது. அதில் டிப்பி ஹெட்ரன் ஒரு வெளிர் பச்சை உடுப்பில் வருவார். காக்கையும் கடல் பறவையும் கூட்டமாக வந்து தாக்கும்போதும் அதே பச்சை உடுப்புத்தான். ஆகவே, பாசிப் பச்சையில் ஒரு சட்டையோ கோட்டோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கூந்தலைத் தூக்கி ஒரு கொண்டை. ஒன்றிரண்டு முடி மட்டும் கலைந்திருக்கட்டும். தோளில் ஒரே ஒரு பொம்மைக் காக்கை. அக்டோபர் மாதத்தில் அங்கே சாதாரணக் கடைகளிலேயே இவை விற்கின்றன. காலைக் கம்பியால் முறுக்கி, உள்பக்கமிருந்து ஊக்குக் குத்தி நிறுத்திவிடலாம். மீட்டிங் நேரத்தில் காக்கையைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டால், நீங்கள் பச்சைக் கோட்டு அணிந்த கண்ணியமான உத்தியோகஸ்தர், அவ்வளவே. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் மாமியாரும் இதற்கு ஆட்சேபம் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலரும் வைத்து, சிலந்தி ப்ரூச்சும் குத்தி, மண்டையோட்டுக் கம்மலும் போட்டால் "தெரிந்தும் தெரியாமலும்" என்ற அழகு போய்விடும்.

முகத்துக்கு? உதட்டில் வழக்கத்தைவிட ஒரு படி ஆழமான சிவப்பு, கண்ணுக்குச் சற்றுத் தாராளமாக மை. இதற்கு மேல் வேண்டாம். மையும் நல்ல கம்பெனி பென்ஸிலாக இருக்கட்டும். ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுபோகும் சுர்மா, காஜல் வகைகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அவற்றை அனுமதிப்பதில்லை. பூனைக்கண் மாதிரி தெரிகிற கலர் லென்ஸ் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பவர் இல்லாத அலங்கார லென்ஸுக்குக் கூட டாக்டர் சீட்டு வேண்டும் என்று அங்கே 2005-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். சீட்டுக் கேட்காமல் விற்கிற கடையில் வாங்கிப் போட்டுக் கண்ணைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். முகச்சாயத்துக்கும் ஒரு கதை உண்டு. 1939-ல் வெளிவந்த 'தி விஸர்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனுக்குப் பூசிய பச்சைச் சாயத்தில் தாமிரம் கலந்திருந்தது. படப்பிடிப்பில் தீக்காயம் பட்டபோது, அந்தப் புண்ணின் மேலேயே ஆல்கஹால் வைத்துச் சாயத்தைத் துடைத்தெடுக்க வேண்டி வந்தது. நினைத்தாலே எரிகிறது.

தீ என்றதும் குழந்தையின் ஞாபகம் வருகிறது. கடிதத்தின் கடைசியில் சகோதரி, "பெண்ணுக்கு மட்டும் கடையில் ஒரு சூனியக்காரி உடுப்பு வாங்கிவிடலாமா?" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். வாங்குமுன் இதைக் கேளுங்கள். 2014-ல் இங்கிலாந்தில், டெலிவிஷன் நிகழ்ச்சிகள் நடத்தும் ஒரு பிரபல பெண்மணியின் எட்டு வயதுப் பெண், ஹாலோவீன் அன்று மெழுகுவத்தி அருகே போனபோது அவள் போட்டிருந்த கடை உடுப்புத் தீப்பிடித்துப் பலத்த காயமடைந்தாள். அங்கே இம்மாதிரி உடுப்புகளை விளையாட்டுச் சாமான் என்ற கணக்கில் சேர்த்திருந்தார்கள். குழந்தைகளின் இரவு உடைக்கு உண்டான கடுமையான தீப் பரிசோதனை இவற்றுக்குக் கிடையாது என்பது அப்போதுதான் பல தாய்மார்களுக்குத் தெரிய வந்தது.

நமக்கு இது புதுப் பாடமல்ல. "மத்தாப்புக் கொளுத்தும்போது நைலான் போடாதே" என்று எத்தனை தீபாவளிக்குக் கேட்டிருக்கிறோம்! மெல்லிய செயற்கைத் துணி பிடித்துக்கொண்டால் உருகித் தோலோடு ஒட்டும். தொளதொளவென்று பறக்கும் மெல்லிய துணி காட்டனானாலும் சட்டென்று பற்றும். பறங்கிக்காய் விளக்கை வாசற்படியில்தான் வைக்கிறார்கள். அது சரியாக எட்டு வயதுக் குழந்தையின் பாவாடை உயரம். ஆகவே உங்கள் வீட்டு விளக்குக்கு மெழுகுவத்தி வேண்டாம், பாட்டரி பல்பு போடுங்கள். குழந்தைக்கு உடம்போடு ஒட்டிய, அழுத்தமான நெசவுள்ள அன்றாட உடுப்பே மேல். ஜீன்ஸும் கம்பளி ஸ்வெட்டரும் எளிதில் பற்றாது. தரையில் புரளும் அங்கி, கண்ணை மறைக்கும் முகமூடி இரண்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சங்கடம் குளிர். அக்டோபர் முடிவில் அங்கே சாயங்காலம் ஆறு மணிக்குள் இருட்டிவிடுகிறது. என்ன வேஷம் போட்டாலும் அதன் மேல் கோட்டு ஏறியே தீரும். ஐம்பது டாலர் உடுப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும்! அதுவும் கறுப்புக் கோட்டானால் கார் ஓட்டுகிறவன் கண்ணுக்குக் குழந்தை தெரியாது. 1975 முதல் 2016 வரை 42 வருஷத்து விபத்துக் கணக்கைப் பார்த்தார்கள். முந்தின வாரத்து, பிந்தின வாரத்துச் சாயங்காலங்களைவிட ஹாலோவீன் சாயங்காலத்தில் காரில் அடிபட்டு இறந்த பாதசாரிகள் 43 சதவீதம் அதிகம்.

அதனால் கோட்டையே வேஷமாக்கிவிடுங்கள். வெளிச்சம் பட்டால் பளபளக்கும் வெள்ளிப் பட்டை ரோல் ரோலாகக் கிடைக்கிறது. சைக்கிள்காரர்கள் உபயோகிப்பது. அதில் அரை அங்குல அகலத்தில் நீளம் நீளமாக வெட்டி, குழந்தையின் பழைய கோட்டின் முன்பக்கம் விலா எலும்பு மாதிரி இரு பக்கமும் ஐந்தைந்து வைத்து, முதுகிலும் தண்டெலும்பாக ஒரு வரிசை, கைகளில் இரண்டிரண்டு என்று நூலோட்டுங்கள். குளிர்காலம் முடியும் வரை அப்படியே இருக்கட்டும். பள்ளிக்கூடம் விட்டு இருட்டில் வரும்போதும் உதவும். பகலில் பார்த்தால் அது வெறும் கோட்டுத்தான். கார் விளக்குப் பட்டதும் ஒரு சின்ன எலும்புக்கூடு தெருவில் துள்ளிக்கொண்டு போகும். பாட்டிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.