மூன்றடி மண்

சென்ற வாரம் மாடியில் வளர்க்கும் தூதுவளையைப் பற்றியும் மணத்தக்காளியைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டு வாசலில் ஒரு வேம்பு நிற்கிறதாம். மழை பெய்தால் அதன் அடியில் சேறாகிறது. அந்தச் சேறு குழந்தைகளின் காலோடு கூடத்துக்குள் வந்துவிடுகிறது. "மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசிவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்.

இக்கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதி வாய்ந்தவர் கிடைப்பது அரிது. ஏனெனில், அந்தக் காரியத்தைச் செய்து அதன் பலனையும் அனுபவித்தவன் நான்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வாசலில் ஒரு குல்மொஹர் மரம் இருந்தது. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட மரம் அது. சித்திரை வைகாசியில் அது பூத்தால் தெரு முழுவதற்கும் கல்யாணக் களை வந்துவிடும். ஆனால், இலை உதிரும் காலத்தில் பொடிப் பொடியாகக் கொட்டும். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்வதற்குள் கோலத்தின் மேல் இலை விழுந்திருக்கும். "இந்த மரத்துக்கு நான் சம்பளமில்லாத வேலைக்காரி" என்பாள் என் மனைவி.

இல்லத்தில் அமைதியை நாடி, 2014-ஆம் வருஷக் கோடை விடுமுறையில் ஒரு கொத்தனாரை அழைத்து, அடிமரத்தை ஒட்டியே சிமெண்ட் பூசச் செய்தேன். "மரத்துக்குக் கொஞ்சம் இடம் விடலாமா, ஸார்?" என்று கேட்டார் அவர். "வேண்டாம், எறும்பு வரும்" என்றேன். சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவன் சொன்ன பதில் இது! பள்ளிக்கூடத்தின் வாசலையே அறியாத அந்த மனிதர் மறுபேச்சின்றிக் கரண்டியை எடுத்துக் கொண்டார்.

2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி, திங்கட்கிழமையன்று, வர்தா புயல் சென்னையில் கரை கடந்தது. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசிற்று. நகரமெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் மரமும் சாய்ந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். நான் பூசிய சிமெண்ட் தளம் பெரிய தாம்பாளத்தைப் போல் பெயர்ந்து, வேரோடு ஒட்டிக்கொண்டு செங்குத்தாக நின்றது. அதன் அடியில் இருந்த வேர்கள் பலவும் மெலிந்து, கறுத்துக் கிடந்தன.

மரத்தின் வேர் பாதாளம் வரையில் போகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அப்படியன்று. நீரையும் உணவையும் தேடும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஏறக்குறைய இரண்டடி ஆழத்துக்குள்ளேயே பரவுகின்றன. நீர் மட்டும் அவற்றுக்குப் போதாது. நம்மைப் போலவே அவையும் சுவாசிக்க வேண்டும். மண்ணின் மேல் கல்லும் சிமெண்டும் மூடினால் மழைநீரும் இறங்காது, காற்றும் புகாது. 2013-ஆம் ஆண்டிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தில்லி நகரத்து மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை அகற்றும்படி உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது மூன்றடிக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான் மரம் நம்மிடம் கேட்பது.

குல்மொஹர் வலுவற்ற மரம், புயலைத் தாங்காது என்று அநேகர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் எங்கள் தெருக்கோடியில், மண் திறந்திருந்த வாசலில் நின்ற மற்றொரு குல்மொஹர் இரண்டு கிளைகளை இழந்ததேயன்றி வேரோடு விழவில்லை.

எங்கள் மரத்தின் நிழலில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. "மரம் போச்சே, ஸார்" என்று மட்டும் சொன்னார். அடுத்த கோடையில் வண்டியில் ஒரு குடையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலே வெயில், கீழே கரி நெருப்பு. வைகாசி முடிவதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டார். சிமெண்டுக்கு நான் கொடுத்த கூலி எனக்குத் தெரியும். அவர் கொடுத்த விலையை நான் கணக்கிட்டதில்லை.

அந்த ஆடி மாதத்தில் அதே இடத்தில் மூன்றடிக் குழி தோண்டி, செம்மண்ணும் மக்கிய எருவும் இட்டு, ஒரு புங்கங்கன்றை நட்டோம். 2019-ஆம் வருஷக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றபோது, அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் ஒரு சொட்டு வீணாக்காமல் கன்றுக்கு ஊற்றியவள், முன்பு மரத்தைக் கடிந்துகொண்ட என் மனைவிதான். இன்று புங்கை மாடிக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அதன் பூ உதிர்ந்து மணலில் கிடப்பதைக் குறுந்தொகைப் புலவர் பொரிக்கு ஒப்பிட்டார். வகுப்பில் அதைப் பாடம் சொல்லும்போது பிள்ளைகளை என் வாசலுக்கு வந்து பார்க்கச் சொல்லுகிறேன். நிழலில் இப்போது கீரைக்கார அம்மாள் ஒருவர் கூடையை இறக்குகிறார். இஸ்திரி வண்டிக்காரர் திரும்பி வரவில்லை.

ஆகவே, சகோதரி, சிமெண்ட் வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணை விட்டுவிடுங்கள். சேறாகாமலிருக்க, உதிர்ந்த இலைகளையே இரண்டு மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தின் மேல் குவிக்க வேண்டாம். குழந்தைகள் கால் வைத்து வர, ஓரமாக நாலைந்து கற்களை இடைவெளி விட்டுப் போடுங்கள். ஏற்கெனவே சிமெண்ட் இருந்தால், வேரில் படாமல் உளியால் சிறுகச் சிறுகப் பெயர்த்தெடுக்கலாம்.

குப்பை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். புங்கையும் மாசி பங்குனியில் இலை உதிர்க்கத்தான் செய்கிறது. அதைக் கூட்டி மரத்தடியிலேயே தள்ளிவிடுகிறோம். 'கிறோம்' என்றேனா? தவறு. எங்கள் வீட்டில் வாசல் பெருக்குவது இப்போது நான்.