மறதியைப் பற்றி முதியவர் கவலைப்படும்போது: எங்கள் நிலைப்பாடு

"இப்பல்லாம் எதுவுமே ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது" என்று ஒரு முதியவர் வந்து சொன்னால், அவருக்கு இரண்டு விதமான பதில்கள்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. புறநோயாளிப் பிரிவின் நெரிசலில், "வயசானா அப்படித்தான் பாட்டி." முகாம்களில், பத்து நிமிடத் தேர்வும் ஒரு மதிப்பெண் சீட்டும். இரண்டையும் எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. அந்தக் கவலையே ஒரு மருத்துவப் புகார். அதைப் பதிவுசெய்து காரணத்தைத் தேட வேண்டும்.

2023இல் வெளியான லாசி-டாட் ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ளது. மறதியை எண்ணிக் கவலைப்படுவோர் இதைவிட மிக அதிகம். அவர்களில் பலருக்கு அந்த நோய் இல்லை. ஆனால் தேர்வில் எதுவும் தெரியாத கட்டத்திலேயே தங்களிடம் ஏற்படும் மாற்றத்தைச் சிலர் உணர்ந்துவிடுகிறார்கள். ஆகவே சிரித்து அனுப்புவதும் தவறு, பயமுறுத்துவதும் தவறு.

மதிப்பீடு பேச்சில் தொடங்க வேண்டும். முதலில் அவரிடம், தனியாக. மகனோ மருமகளோ அருகில் நின்று பதில் சொல்லும் இடத்தில் முதியவர் வாயைத் திறப்பதில்லை. எப்போது தொடங்கியது, கடையில் மீதிச் சில்லறையைச் சரிபார்க்க முடிகிறதா, பழகிய தெருவில் வழி தவறியதுண்டா, மாத்திரை விட்டுப்போகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு, அவர் சம்மதத்துடன், வீட்டாரிடம். முதியவருக்குக் கவலையே இல்லை, வீட்டார்தான் கவலைப்படுகிறார்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. தன் மறதியைத் தானே அறியாமல் போவதும் மறதிநோயின் இயல்பு.

அடுத்தது உடல். தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, தூக்கமின்மை, மது ஆகியவை நினைவை மங்கச் செய்யும். தூக்க மாத்திரையும், அரிப்புக்கும் சளிக்கும் விழுங்கும் சில மாத்திரைகளும் அப்படியே. எனவே வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் பையோடு கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். காது கேளாதவர் மறதிக்காரராகத் தோன்றுவது வெகு சாதாரணம். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் வந்தால் அது அவசர நிலை: கிருமித்தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தேர்வு அதன் பிறகுதான். 1975இல் அமெரிக்காவில் உருவான 30 மதிப்பெண் தேர்வு நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்கிறது, ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது, ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்கிறது. பள்ளிக்கூடம் போகாத, ஆனால் நாற்பது ஆண்டுகள் கணக்குத் தவறாமல் பூ விற்ற பெண்ணை அது தோற்கடித்துவிடும். இதை உணர்ந்துதான் 1990களில் ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாதோருக்கு ஏற்ற இந்தி வடிவம் உருவாக்கப்பட்டது. தமிழிலும், படிப்பின் அளவைக் கணக்கில் கொள்ளும், சரிபார்க்கப்பட்ட தேர்வுகளையே பயன்படுத்த வேண்டும்.

மதிப்பெண் சீட்டைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறோம். அது வீட்டாரின் கையில் தனியாகப் போகக் கூடாது. சொத்துத் தகராறு உள்ள குடும்பத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, "அப்பாவுக்கு மூளை சரியில்லை" என்று சொல்லிவிட முடியும். பத்திரத்தில் கையெழுத்திடும் திறன் ஒருவருக்கு உண்டா என்பதை அந்தச் செயலை முன்வைத்துத் தனியாக மதிப்பிட வேண்டும். முகாமின் எண் அதைத் தீர்மானிக்காது.

புகார் ஏதும் இல்லாதவர்களைக் கூட்டமாக உட்கார வைத்துச் சோதிப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அதன் நன்மை தீமைகளை எடைபோடப் போதிய சான்று இல்லை என்றே அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020இல் கூறியது. அறிகுறி இல்லாதவர்களுக்கு அல்சைமர் இரத்தப் பரிசோதனையை விற்பதையும் எதிர்க்கிறோம்.

தமிழக அரசிடம் எங்கள் கோரிக்கை இது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்கெனவே வீட்டுக்கு வருகிறார்கள். மறதிப் புகாரைக் கேட்டு, குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச்செல்ல அவர்களுக்குப் பயிற்சி தரப்பட வேண்டும். தேர்வு நடத்தும் வேலையை அவர்கள்மேல் சுமத்தக் கூடாது. "இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பப்படும் முதியவருக்கும் ஆறு மாதத்துக்குள் மறுபடி வர ஒரு தேதி எழுதித் தர வேண்டும், முடிந்தவரை அதே மருத்துவரிடம்.