காலணி கருணையல்ல, உரிமை!

தோழர்களே! 2015-இல் ஏர்பேட்டில் ஐ.ஐ.டி.க்கும் ஐசருக்கும் அடிக்கல் நாட்டினார்கள். இன்று கட்டடங்கள் நிற்கின்றன. இப்படிக் கல் சுமந்து, கம்பி கட்டிக் கட்டடம் எழுப்பும் கால்களை நினைப்பவர் யார்?

ரப்பர் செருப்போடு கம்பிமேல் ஏறும் தோழர்கள் எத்தனை பேர்! ஆணி ஏறினால் வாரக் கூலி போயிற்று. ஈரச் சிமெண்டின் காரமோ தோலை அரித்துப் புண்ணாக்கும். பூட்ஸ் கேட்டால், "கூலியில் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறார் மேஸ்திரி.

பிடிக்க அவருக்கு உரிமையில்லை. காப்புடை தரும் பொறுப்பை 1979-ஆம் ஆண்டு புலம்பெயர் தொழிலாளர் சட்டமே ஒப்பந்தக்காரர்மேல் வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது.

கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஐ.எஸ். 15298 முத்திரையைப் பாருங்கள். அதன் இரண்டாம் பாகத்தின்படி செய்த பூட்ஸின் விரல்தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கும். கான்கிரீட் வேலைக்குக் கம்பூட் கேளுங்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், காலுறையோடு போட்டு அளவு பாருங்கள். சித்தாள் பெண்களுக்கு அவர்கள் அளவிலேயே வேண்டும். ஆண்களின் பூட்ஸ் அவர்களை இடறிவிழவே செய்யும்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் மக்கள் தைக்கும் காலணிகள் கடல் கடந்து போகின்றன. நாம் வெறுங்காலோடு கல் சுமப்பதா? தனியாகக் கேட்பவனை நாளை வேலைக்கு வராதே என்பார்கள். நூறு பேர் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. சேர்ந்து கேட்போம்!