தம்பியையும் கூட்டிட்டு வரலாமா?



"சின்னப் பிள்ளையெல்லாம் லைப்ரரிக்குக் கூட்டிட்டு வராதே, சத்தம் போடும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சத்தம் போடத்தான் செய்யும். ஆனால் ஐந்து வயதில் உள்ளே வராத பிள்ளை பதினைந்து வயதில் வருமா?

1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். மக்களே வரட்டும் என்று காத்திருக்கவில்லை. 2023-ல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் நாம் அடிக்கடி மதுரைக்குப் போக முடியுமா?

எங்கம்மா விடியுமுன்னே பூப் பறிக்கப் போயிரும். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்திட்டாங்க. ராத்திரி தம்பிக்கு நான் கதை வாசித்தால், பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு "அப்புறம் என்னாச்சு?" என்று முதலில் கேட்பது அம்மாதான்.

அதனால் என் கருத்து இது. ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், அம்மா, அப்பா, பாட்டி, பிள்ளைகள் எல்லாரும் பாயில் உட்கார்ந்து கதை கேட்க வேண்டும். வாசிக்க ஆள் இல்லையா? ஒன்பதாம் வகுப்பு நாங்க இருக்கோம்!

'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் பிறந்தது நம்ம வத்தலக்குண்டுதான். அந்த ஊரில் பிள்ளைகள் கதை கேட்காமல் தூங்கலாமா? யோசியுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி