கஞ்சிக்கு இடமில்லை

"வயித்துல கத்தி பட்டிருக்கு, கஞ்சியத் தவிர வேற எதுவும் குடுத்துடாதீங்க." பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரை கடலோரத்தில் எந்தக் குப்பத்துக்குப் போனாலும் இதைச் சொல்ல ஒரு பெரியம்மா இருப்பார். குடல்வால் எடுத்தவருக்கும் இதே பத்தியம், கர்ப்பப்பை எடுத்தவருக்கும் இதே பத்தியம். இப்போது எடை குறைவதற்காக இரைப்பையை அறுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவருக்கும் அதே டம்ளரைத்தான் நீட்டுகிறார்கள். முன்னவர்களுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. இவருக்கு உண்டு.

கஞ்சியோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. பேதியானவருக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது என்பதை மருத்துவமும் ஒத்துக்கொண்டிருக்கிறது. குடல்வால் எடுத்தவர் நாலு நாள் கஞ்சி குடித்துக் கிடந்தாலும், அடுத்த வாரம் மீன்குழம்பும் சோறுமாக உட்கார்ந்து விட்டதைப் பிடித்துவிடுவார். எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவரால் விட்டதைப் பிடிக்க முடியாது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பைபாஸ் முறையில் சாப்பாடு போய் இறங்கும் பை சுமார் 30 மில்லிதான். மாதக்கணக்கில் அவர் சாப்பிடப் போவது சில கரண்டிகள். அந்தச் சில கரண்டி இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த நோயாளிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஒரு டம்ளர் நொய்க்கஞ்சியில் கரைந்திருப்பது ஒரு பிடி அரிசி. அதில் புரதம் 2 கிராம் தேறினால் அதிகம். 60 கிராமுக்கு முப்பது டம்ளர் குடிக்க வேண்டும். முழு வயிறு இருப்பவராலேயே முடியாத காரியம் இது. வெளியிலிருந்து புரதம் வராவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். எடை காட்டும் முள் இறங்குவதைப் பார்த்து வீட்டார் மகிழ்வார்கள். இறங்குவது கொழுப்பா தசையா என்பதை முள் சொல்லாது. மூன்று நான்கு மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். எடை வேகமாகக் குறைந்தாலே ஓரளவு உதிரத்தான் செய்யும். புரதமும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

கஞ்சிக்குத் துணையாக இன்னொரு நம்பிக்கையும் நிற்கிறது: கவிச்சி சேர்த்தால் தையல் போட்ட இடம் சீழ் வைக்கும். மீனும் முட்டையும் ஆகாது. சீழ் வைப்பது கிருமியால்; புண் ஆறுவது புரதத்தால். வேடிக்கை என்னவென்றால், இதே ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறாவை அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டு செய்து கொடுப்பார்கள். சிசேரியன் என்றாலும் கொடுப்பார்கள். அவள் வயிற்றில் பட்டதும் கத்திதானே? அங்கே வராத சீழ் இங்கே மட்டும் எப்படி வரும்?

பெரியம்மாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆஸ்பத்திரியில் கையில் திணித்து அனுப்பும் உணவுத்தாள் பல இடங்களில் ஆங்கிலத்தில் இருக்கிறது. கிரேக்கத் தயிர், டோஃபு, காட்டேஜ் சீஸ் என்று அதில் எழுதியிருந்தால் மீன்கூடை தூக்கும் வீட்டில் அதை யார் வாங்குவது? தாள் மடித்து வைக்கப்படும், கஞ்சி அடுப்பில் ஏறும். கரையில் வந்து இறங்கும் கிழங்கான் மீனை அந்தத் தாளில் எழுத எந்த உணவியலாளருக்கும் மனம் வருவதில்லை என்பது என் நெடுநாள் ஆத்திரம்.

அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரம் திரவ உணவு. அதற்குப் பின் இரண்டு வாரம்போல மசியல், பிறகு இன்னும் சில வாரம் கையால் பிசையும் பதம். ஆளுக்கு ஆள் இது மாறும். அறுவை செய்த மருத்துவர் சொல்வதே கணக்கு. மசியல் வாரங்களில் காலையில் ஒரு முட்டையைப் பால் விட்டு அடித்து ஆவியில் வேகவைத்தால் 6 கிராம் புரதம் கைக்கு வந்துவிடும். பாசிப்பருப்பை ரசம்போல நீர்க்க விடாமல் கெட்டியாகக் கடைய வேண்டும். மதியம் கிழங்கானை ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் இரண்டு தடவை தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, காரமில்லாத மிளகு ரசத்தில் மிக்ஸியில் ஓட்டலாம். 60 கிராம் மீனில் 11, 12 கிராம் புரதம் இருக்கும். சாயங்காலம் தயிரில் பொட்டுக்கடலை மாவு. சுறா எப்போதாவது போதும், பாதரசம் சேரும் மீன் அது. இவ்வளவு செய்தாலும் 60 எட்டுவது கடினம். மிச்சத்துக்கு மருத்துவர் சொல்லும் புரதப் பொடியைப் பாலில் கலக்க வேண்டியதுதான். சாப்பாட்டோடு தண்ணீரோ மோரோ குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்து வாய் வாயாக. நம் வீடுகளில் இதைக் கடைப்பிடிப்பதுதான் பெரும்பாடு.

"கஞ்சி லேசா இறங்குது, மீன் அடைக்குது" என்பார்கள். லேசாக இறங்குவதுதான் வம்பு. அடைக்கும் உணவு, "போதும்" என்று சொல்ல வைக்கும். வழுக்கி இறங்குவது சொல்ல வைக்காது. ஆறு மாதம் கழித்து டீயில் நனைத்த பிஸ்கட்டும் பாயசமும் ஐஸ்கிரீமும் இதே வழியில்தான் உள்ளே போகின்றன. லட்சங்கள் செலவழித்துக் குறைத்த எடை திரும்பி வருவதும் இந்த வழியில்தான். பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் சர்க்கரை போட்ட ஜூஸ் இன்னும் மோசம். பைபாஸ் செய்தவருக்கு அது குடலுக்குள் ஒரேயடியாகப் பாய்ந்து, அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் என்று ஆளைச் சாய்க்கும்.

2024 ஏப்ரலில் எடைக்குறைப்பு அறுவைக்காகச் சென்னைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார். பெரிய செய்தியானது, அரசு விசாரணைக் குழு அமைத்தது. அறுவை மேசையைப் பார்த்து அஞ்ச மக்களுக்குக் காரணம் இருக்கிறது. அந்த அச்சத்தில் கால் பங்குகூட அடுப்படி மேல் யாருக்கும் இல்லை.

இருக்க வேண்டும். 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதைக் கண்டார். தவிட்டோடு போன சத்துதான் தயமின் என்பது பின்னால் தெரிந்தது. அவருக்கு 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது. புழுங்கலில் அது கொஞ்சம் தங்கும். கஞ்சிக்கென்று நாம் எடுப்பதோ பெரும்பாலும் பச்சரிசி நொய். அறுவைக்குப் பின் வாந்தி நிற்காமல் போனால், "வயிறு தாங்கலை" என்று மாத்திரையையும் நிறுத்தி, கஞ்சித் தண்ணீரை மட்டும் வாரக்கணக்கில் ஊற்றுவார்கள். உடம்பில் இருக்கும் தயமின் இரண்டு மூன்று வாரத்திலேயே தீர்ந்துபோகக் கூடியது. அதன்பின் கண் அலைபாயும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும்; தாமதித்தால் மூளையில் ஏற்பட்ட சேதம் அப்படியே நின்றுவிடும். ஆகவே இரண்டு நாளாக வாந்தி நிற்கவில்லையென்றால் அடுப்பை மூட்டாமல் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போன இடத்தில், எடைக்குறைப்பு அறுவை நடந்திருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, குளுக்கோஸ் பாட்டிலை மாட்டுவதற்கு முன்பே தயமின் ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும்.